ஏற்றிய விளக்கை நகர்த்தியவள்

எங்கள் மண் தமிழுக்கா மலையாளத்துக்கா என்று எல்லைப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மரச்சீனிக் கிழங்கு போட்ட விளைகளுக்கு மத்தியில் ஒரு புதுக் கட்டடம் இருந்தது. யுத்தத்தில் கண் போன பட்டாளக்காரர்களுக்காகவே கட்டிய வீடு அது. அங்கே தங்கி நெசவு படித்தவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் பேசுவதை எழுத்துத் தமிழாக மாற்றித்தான் எழுதுவேன் என்று பிடிவாதம். மாற்றிக்கொள் அம்மா, ஆனால் என் கோபத்தை மட்டும் திருத்திவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். பர்மா பக்கத்தில் குண்டு வெடித்ததில் கண்தான் போனது, கோபம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பட்டாளத்தில் சேர்வதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டிக்குக் குளத்தூர். போகும்போது ரோட்டு முக்கு வரை என் பின்னாலேயே வந்து நின்றாள். திரும்பி வந்தபோது அதே முக்கில் என் கையைப் பிடித்தாள். அன்று பிடித்த கையை அவள் அதற்கப்புறம் விடவே இல்லை.

கிணற்றங்கரைக்கு அவள் கை, கோயிலுக்கு அவள் கை, வைத்தியரிடம் போக அவள் கை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கை பிடித்து ரோட்டில் நடப்பது கிடையாது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் அவளைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் மேல் கோபம் இல்லை. கூடப் பிறந்த தங்கச்சி பிரசவத்துக்குக்கூட அவளால் போய் நிற்க முடியவில்லை, நான் ஒருத்தன் இருந்ததால். அதுதான் என்னைத் தின்றது.

அந்தப் புது வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முதலில் நான் போக மாட்டேன் என்றேன். தர்மசத்திரத்தில் கிடக்க நான் என்ன அநாதையா என்று கத்தினேன். கட்டடம் எழும்புவதற்கு முன்னால், அதை வரைந்தவர் எங்களை எல்லாம் ஒருநாள் கூப்பிட்டுவிட்டார். கொச்சிப் பக்கத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர், வயது குறைவு. ஆர்க்கிடெக்ட் என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்துப் போனேன். அந்த ஆள் ஆறுதலே சொல்லவில்லை. தரையில் கருங்கல் பலகை, செங்கல், காவி போட்டுத் தேய்த்த சிமெண்டு, சரளை எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள், எது எதுவென்று காலுக்கு உடனே தெரிகிறதா என்று மலையாளத்தில் கேட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள், வெயில் நகர்வது தெரியுமா, மழை பெய்யும்போது வீட்டுக்குள் வழி குழம்புமா என்றெல்லாம் கேள்வி. கண் போன பிறகு என்னிடம் ஒரு மனிதன் வேலை விஷயமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டி முடித்ததும் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். ஓடு இல்லை, கூம்பு இல்லை, மேலே ஒரே சமதளமாகக் கான்கிரீட். கூரை எப்போது வைப்பார்கள் என்று வழியில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். தீப்பெட்டி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுகிறது, ஒரு பூ வேலைப்பாடு உண்டா என்று என் பெண்டாட்டிகூட குறைப்பட்டாள்.

அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நான் காலாலும் கன்னத்தாலும் பார்த்தேன். அதனால் சொல்கிறேன், அது போல ஒரு வீடு இந்தத் தெற்குச் சீமையில் இல்லை.

ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் தறிக்கூடம், நடுவே நீளமாக ஒரு வராந்தா. அந்த வராந்தாதான் வீட்டின் உயிர். ஒரு பக்கத்துச் சுவரில் பலா மரத்தில் இழைத்த கைப்பிடி நெடுக ஓடும். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் கைப்பிடியில் ஒரு குமிழ் தட்டுப்படும். படுக்கை அறைக்கு ஒற்றைக் குமிழ், சாப்பாட்டு அறைக்கு ஜோடிக் குமிழ். மறு பக்கத்தில் சுவருக்குப் பதிலாகத் துளை போட்ட சிமெண்டுக் கட்டைகளை அடுக்கியிருந்தார். அதன் வழியே கடற்காற்று வந்துகொண்டே இருக்கும். காற்று வலது கன்னத்தில் அடித்தால் வாசலை நோக்கிப் போகிறோம், இடது கன்னத்தில் அடித்தால் தறிக்கூடத்தை நோக்கி. தரை எல்லாம் வழுவழுப்பு, திருப்பம் வருவதற்கு முன்னால் மட்டும் ஒரு பட்டை சொரசொரப்பு. சுவர்களுக்கு முனையே கிடையாது, எல்லாம் உருட்டி விட்டது. மேல்கூரைத் தண்ணீர் முழுவதும் வாசல் பக்கத்தில் ஒரு கல்தொட்டியில் விழுகிற மாதிரி வைத்திருந்தார். ஆடி மழையில் ஊரே இரைச்சலாக இருக்கும்போதும் வாசல் எங்கே என்று அந்தத் தொட்டிச் சத்தம் சொல்லிவிடும்.

வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். கைப்பிடிப் பக்கம் ஒரு பொருளும் வைக்கக் கூடாது. ஒரு செருப்பு, ஒரு செம்பு, ஒன்றும் கூடாது. மற்றபடி சண்டை போடலாம், பாட்டுப் பாடலாம், அரசியல் பேசலாம். அரசியலுக்கு அப்போது பஞ்சமா? எங்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தோம், மலையாளம் பேசுகிறவர்களும் இருந்தார்கள். எனக்கு அடுத்த கட்டில்காரன் நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே உள்ளவன், மலையாளி. இந்த மண் தமிழர்களுக்குச் சேர வேண்டியது என்று நான், போடா என்று அவன். தறியில் உட்கார்ந்தால் எனக்கு அறுந்த இழையை அவன்தான் முடிந்து தருவான். ஒருநாள் யாரோ வாசல் போர்டில் தார் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். எந்த மொழி எழுத்தின் மேல் பூசினார்கள் என்று, வீட்டைப் பார்த்துக்கொள்கிற வார்டன் பதறிப்போய் வந்து சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தார் பூசினாலும் பூசாவிட்டாலும் எங்களில் யார் அதை வாசித்தோம்?

ஆனால் அந்தப் போராட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வெளியூரில் இருந்து போலீஸ் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. அவர்கள் தங்க இடம் வேண்டும். சுற்று வட்டாரத்தில் விசாலமான, ஒழுகாத கட்டடம் எங்களுடையதுதான். எங்களைப் பாறசாலையில் கொப்பரை சேர்த்துவைக்கிற ஒரு பழைய கிட்டங்கிக்கு மாற்றிவிட்டு இதைப் போலீசுக்குக் கொடுத்துவிடலாமே என்று மேலே பேச்சு எழுந்திருந்தது. வார்டன் பழைய சுபேதார், சர்ச் கமிட்டியில் இருக்கிற கிறிஸ்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர்தான் இதை எங்களிடம் வந்து சொன்னார். கிட்டங்கிக்கு ஏறப் படி, இறங்கப் படி, நடுவில் வரிசையாகத் தூண். அங்கே போனால் நாங்கள் மறுபடியும் மூலையில் உட்கார வேண்டியதுதான். முடிவு எடுப்பதற்கு முன் ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்.

விஷயம் எப்படியோ எங்கள் ஊர்களுக்குப் போய்விட்டது. ஆபீசர் வருகிற அன்று காலையில் வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து குவிந்துவிட்டார்கள். நாங்கள் தறிக்கூடத்தில் இருந்தோம். வாசல் பக்கம் என் அத்தை தலைமையில் பெண்கள் ஏற்பாட்டில் இறங்கியிருந்தார்கள். பெரிய மனிதர் வந்தால் நிலவிளக்கு, அதாவது குத்துவிளக்கு ஏற்றி வைத்து வரவேற்பதுதானே எங்கள் பக்கத்து வழக்கம். ஆபீசர் மனம் குளிர வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு வீடு நிலைக்க வேண்டும் என்று அத்தை தன் வீட்டு நிலவிளக்கையே சுமந்து வந்திருந்தாள். வாசலுக்கு நேராக நடு வராந்தாவில் வைத்திருக்கிறார்கள். துளைச் சுவர்க் காற்று சும்மா இருக்குமா, திரியை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றுப் படாத இடம் பார்த்து, எதிர்ச் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்து ஏற்றினார்கள். கைப்பிடிக்கு அடியில், நாங்கள் கால் வைக்கிற தடத்தில். என் பெண்டாட்டியும் ஒரு கை பிடித்தாள். அவர்களுக்கு எங்கள் சட்டம் தெரியாது. தெரிந்த வார்டன் ஆபீசரை எதிர்பார்த்து ரோட்டில் நின்றிருந்தார்.

ஆபீசர் முன்வாசல் வழியாக வரவில்லை. ரோட்டில் யாரோ மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு வார்டன் கூட்டிவர விளை வழியாகச் சுற்றி நடந்து, தறிக்கூடத்துப் பக்கமாக உள்ளே வந்துவிட்டார். வாசலில் காத்திருந்த ஆட்கள் எல்லாரும் அடித்துப் பிடித்து இந்தக் கோடிக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவரவர் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக வரிசையில் நின்றார்கள். என் பெண்டாட்டியும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. நிதானமான குரல். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். எங்கள் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு வார்டனிடம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் ஆள் கை பிடிச்சுத்தானே நடக்க முடியுது. அப்ப இந்தக் கட்டடமானாலும் கிட்டங்கியானாலும் ஒண்ணுதானே."

எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. அவர் கண்ணுக்குப் பட்டதை அவர் சொன்னார், அதில் தப்பு இல்லை. அத்தனை பேரும் எங்கள் மேல் இருந்த பாசத்தாலேயே எங்களை முடவர்களாக்கி நிறுத்தியிருந்தார்கள். நான் பெண்டாட்டி பக்கம் திரும்பினேன்.

"எட்டி, கைய விடு."

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "சும்ம நில்லுங்க. எல்லாரும் பாக்குதாவ."

"அதுக்குத்தான் சொல்லுதேன். விடு."

அவள் விடவில்லை. நாலு பேர் முன்னால் நான் அவளை உதறுகிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்க வீடு போயிரும் மக்கா, விடு" என்றேன். வீட்டுக்காரியை நான் மக்கா என்று செல்லமாகக் கூப்பிட்டது அதுவரை கிடையாது. மெல்ல விட்டாள்.

நான் ஆபீசர் குரல் வந்த திக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றேன். "சாரே, நான் நெய்த துவர்த்து ஒண்ணு படுக்கை அறையில எனக்க பெட்டியில இருக்கு. உங்களுக்குக் கொண்டு வாறேன்" என்றேன். துவர்த்து என்றால் தோளில் போடும் துண்டு. படுக்கை அறை வராந்தாவின் மறு கோடியில், வாசலை ஒட்டி. கைப்பிடியில் கை வைத்தேன். நடந்தேன்.

சாதாரணமாக நான் எப்படி நடப்பேனோ அதைவிட வேகமாகவே நடந்தேன். பட்டாளத்து நடை. காற்று வலது கன்னத்தில், பலா மரம் இடது கைக்கு அடியில், கால் அடியில் குளிர்ந்த தரை. பின்னால் ஒரு கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. துளைச் சுவருக்கு வெளியே மணலில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ சின்னப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டு அறையின் ஜோடிக் குமிழைத் தாண்டினேன். அப்போது பின்னாலிருந்து என் அத்தையின் குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஏத்தின வெளக்கில கை வைக்காதட்டி."

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விளக்கை ஏற்றிவிட்டால் அதை இடம் மாற்ற மாட்டார்கள். அதுவும் வருகிறவர் இன்னும் விளக்கு முன் வந்து நிற்காதபோது. குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கன்னிப் பெண்ணில் தொடங்கிக் கிழவி வரை யாரும் அதைச் செய்யத் துணிய மாட்டார்கள். என் பெண்டாட்டியோ நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஒரு கீரை விதைகூட ஊன்றாதவள்.

நான் நடையை நிறுத்தவில்லை. நின்றால் ஆபீசருக்குத் தெரிந்துவிடும். சொரசொரப்புப் பட்டை காலில் பட்டது. அந்த இடத்தில் வலது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று ஒரு நொடி நின்றுபோனது. அதற்குப் பதிலாக அந்தக் கன்னத்தில் ஒரு சூடு. எண்ணெய்த் திரி மணம். கூடவே அடக்க முடியாமல் இரைக்கிற ஒரு மூச்சு. அந்த மூச்சு யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கூப்பிட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். ஓடி வந்து கையைப் பிடித்திருந்தால் ஊரே நல்ல பெண் என்று மெச்சியிருக்கும். இரண்டையும் அவள் செய்யவில்லை. வெளிவழியே ஓடி வந்து, வாசல் வழியாக ஏறி, எரிகிற நிலவிளக்கைத் தூக்கிக்கொண்டு துளைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று எனக்கு வழி விட்டிருந்தாள். ஒற்றைக் குமிழ் கையில் தட்டியது. உள்ளே போனேன், பெட்டியைத் திறந்தேன், துவர்த்தை எடுத்தேன். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே விளக்கோடு நின்றாள். அதே நடையில் திரும்பிப் போய் ஆபீசர் கையில் துவர்த்தைக் கொடுத்தேன். பாலராமபுரத்து நூல், கரை மட்டும் சிவப்பு.

அவர் அதைத் தடவிப் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது என் பக்கத்துக் கட்டில்காரன் தன் அண்ணன் கையை உதறினான். "எனிக்கும் ஆளு வேண்டா" என்று சொல்லிவிட்டு நேராகத் தறிக்குப் போய் உட்கார்ந்தான். தறி தட்டத் தொடங்கியது. அடுத்தவன், அதற்கடுத்தவன் என்று எல்லாரும் கை விட்டுப் போனார்கள். தறிக்கூடம் முழுக்கச் சத்தம் நிறைந்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது. யுத்தம் முடிந்து கப்பலில் திரும்பியபோதுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வரவில்லை.

ஆபீசர் என்னிடம், நீங்களே எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். குமிழ் எதற்கு, சொரசொரப்பு எதற்கு, காற்று எதற்கு, கல்தொட்டி எதற்கு. இதையெல்லாம் வரைந்த மனிதர் அங்கே இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம். வராந்தாவின் கோடிக்கு வந்தபோது என் பெண்டாட்டி இன்னும் விளக்கைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அத்தை தள்ளி நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர், "கை பொள்ளிரும்மா. கீழே வச்சிருங்க" என்றார்.

பெரிய மனிதர்கள் முன்னால் வாய் திறக்காதவள் அவள். அன்று திறந்தாள்.

"இஞ்ச வைக்கப்பிடாது சாரே. இது அவிய நடக்குத எடமாக்கும்."

ஆபீசரே ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டார். அவள் விளக்கை வெளியே முற்றத்தில் கொண்டு போய் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், காற்று அணைத்துவிட்டது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆபீசர் போகும்போது வார்டனிடம், போலீசுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட அடுத்த நிமிஷமே அத்தை, எல்லாம் தன் விளக்கின் ராசி என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டாள். சாகும் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு பெண்டாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் கொட்டி மணிக்கட்டு வரை கொப்புளம்.

"எரியுதா?"

"கொஞ்சம். நீங்க வெளக்க அறிஞ்சியளா?"

"கன்னத்துல சூடு தெரிஞ்சுது."

"பின்ன ஏன் நிக்கல? எனக்கு உயிரே போச்சு."

"நீ பிடிச்சிட்டு நிக்குதேன்னும் தெரிஞ்சுதே. பின்ன எதுக்கு நிக்கணும்?"

அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று எழுது என்று மகளிடம் சொல்கிறேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் போலிருக்கிறது, பேனா நின்றுவிட்டது.

பிறகு எல்லை வகுத்தார்கள். விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் உண்டு, இன்றும் உண்டு. நெசவு படித்து முடித்து நான் தறியோடு வீட்டுக்குத் திரும்பினேன். நான் வருவதற்கு முன்னாலேயே அவள் என் கால் தடுக்கக் கூடாது என்று ஆசாரியைக் கூப்பிட்டு வீட்டு நிலைகளின் கீழ்க்கட்டையை எல்லாம் அறுத்து எடுத்துவிட்டாள். வாசற்படி இல்லாத வீடு விளங்குமா என்று ஊர் கேட்டது. அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கச்சி வீட்டுக்கும் ஆசை தீரப் போய் இருந்துவிட்டு வருவாள்.

அவள் இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பட்டாளத்தில் எனக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள், அது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. என் பெண்டாட்டி ஊர் முன்னால் என் கையை விட்டாள், விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடி வழியைச் சரி செய்தாள், அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.